பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கி: சந்தேகங்களும் விளக்கங்களும்

போகிக்குப் பரண் ஒழிக்கும்போதோ, பாகப்பிரிவினைக்காகப் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறக்கும்போதோ டிரங்குப் பெட்டியின் அடியில் எண்ணெய்த் துணி சுற்றிய துப்பாக்கி ஒன்று கிடைத்தால் என்ன செய்வது? பயிர்க்காவலுக்கும் வேட்டைக்கும் லைசென்ஸ் வாங்கிய தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது. இரும்பு மட்டும் மிச்சம். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை பக்கம் பழைய வீடுகளை இடித்துக் கட்டும் இந்தக் காலத்தில் பலருக்கும் வரக்கூடிய கேள்விகள் இவை.

துருப்பிடித்து விசையே அசையாத கைத்துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும் வேட்டை ரகம். இதற்குமா லைசென்ஸ்?

பெரும்பாலும் ஆம். “ஓடாத துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை” என்று ஊரில் சொல்வதில் பாதிதான் உண்மை. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 45-வது பிரிவில் ஒரு விலக்கு தருகிறது. பழைய மாதிரி, தொன்மை மதிப்புள்ளது, பழுதானது ஆகியவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஸ்பிரிங் போயிருக்கிறது, பின் உடைந்திருக்கிறது என்றால் மாற்றிவிடலாம். மாற்றினால் சுடும். ஆகவே சட்டத்தின் கண்ணில் அது இன்றைக்கே துப்பாக்கிதான்.

“இதைச் சரிசெய்ய முடியுமா?” என்று நீங்கள் கேட்கும்போதே விலக்கு உங்களுக்குப் பொருந்தாது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. தாத்தாவின் ஞாபகம் என்று சொல்லித் தப்ப வழியில்லை.

சிப்காட்டில் நண்பர் லேத் வைத்திருக்கிறார். ஒரு பின் கடைந்து போட்டுப் பார்த்துவிட்டு, ஓடினால் லைசென்ஸுக்குப் போகலாமா?

போகக் கூடாது. நண்பரை வம்பில் மாட்டிவிடுவீர்கள். துப்பாக்கி தயாரிப்பது, விற்பது மட்டுமல்ல; பழுது பார்ப்பதும் சோதித்துப் பார்ப்பதும்கூட 5-வது பிரிவின்படி தனி லைசென்ஸ் பெற்றவர் மட்டுமே செய்யத்தக்க தொழில். அதை மீறினால் வெறுமனே வைத்திருந்ததற்கான தண்டனையைவிடப் பெரியது காத்திருக்கிறது: குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். உங்கள் பரணில் கிடந்ததற்கு உங்களுக்கு 2 ஆண்டு, உதவிக்கு வந்தவருக்கு 7 ஆண்டு. மைக்ரான் கணக்கில் கடையத் தெரிந்த கைகள் இந்தத் தொழிற்பேட்டையில் ஏராளம். திறமை போதாது என்பதல்ல பிரச்சினை.

அப்பா பெயரில் லைசென்ஸ் இருந்தது. அவர் காலமாகிப் பல வருடம் ஆயிற்று. இப்போது எங்கே போவது?

முதலில் காவல் நிலையம். லைசென்ஸ்தாரர் இறந்தாலோ, புதுப்பிக்காமல் காலாவதியானாலோ ஆயுதத்தைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். நிலையத்துக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். ஒரு வக்கீலையும் கலந்துகொண்டு, எப்படிக் கிடைத்தது என்று எழுதிக் கொடுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஒப்படைப்பது என்றால் கைகழுவுவது என்று அர்த்தமில்லை. வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் பெற்றால் திரும்பப் பெறலாம். லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம். குறித்த காலத்துக்குள் இரண்டும் நடக்கவில்லையென்றால் அரசுடைமையாகிவிடும். 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளில் வாரிசுகளுக்கென்றே 25-வது விதி இருக்கிறது. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு மட்டுமல்ல, அவருக்கு 70 வயது நிறைந்தாலும், துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலும், உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். வயதான அப்பா, தாத்தா இருக்கும் வீடுகளில் இதை இப்போதே செய்துவிடுவது நல்லது. பின்னால் அலைவது மிச்சமாகும்.

மாவட்டத்தில் விண்ணப்பம் ஆட்சியரிடம் போகும். காவல் ஆணையரக எல்லைக்குள் வரும் ஊர்களுக்கு ஆணையர். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. வாரிசுரிமையாக வந்தாலும் கணக்கு இதே இரண்டுதான். லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும்.

நம் பகுதிக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு, சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் துப்பாக்கி லைசென்ஸ்தாரர்கள் வனத்துறையிடமும் பெயர் பதிய வேண்டும் என்கிறது. அந்த வட்டத்துக்குள் புதிய லைசென்ஸ் தர, தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதமும் முன்கூட்டியே வேண்டும். ஏரியை ஒட்டிய ஊர்க்காரர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மருந்தோ தோட்டாவோ இருக்கிறதா என்று நாமே பார்க்கலாமா?

வேண்டாம். இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோட்டா போடும் ரகத்தையாவது திறந்து பார்த்துவிடலாம் என்று தோன்றும்; துருவேறியதை நெம்பித் திறக்கும்போதுதான் விபத்து. குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி இன்னும் மோசம். ஈரம் படாத கரிமருந்து எத்தனை வருடமானாலும் வீரியம் இழக்காது. கெட்டித்தபடியே சாத்தி வைத்துவிட்டுப் போனவர் இன்று சொல்ல இல்லை. குழல் வாயை யார் பக்கமும் திருப்பாமல், விசையைத் தொடாமல், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போன் செய்யுங்கள்.

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. இனி கடையில் என்ன பார்ப்பார்கள்?

சென்னையில் லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடைகள் இருக்கின்றன. பழுது பார்க்கவும் அனுமதி உள்ள கடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவேட்டில் எழுதி வாங்கிக்கொண்டதும் முதல் வேலை, குழலைத் திறந்து விளக்கு பிடித்துப் பார்ப்பது. மேல் துரு ஒரு பொருட்டே இல்லை, துடைத்தால் போய்விடும். உள்சுவரில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால்தான் கவலை.

அந்தக் குழிக்குக் காரணம் பெரும்பாலும் கடைசியாகச் சுட்ட தோட்டா. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் அடிக் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது உப்பாகிக் குழலில் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டால் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அந்தக் கால வேட்டைக்காரர்கள் வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவி, காயவைத்து, பிறகு எண்ணெய் பூசினார்கள். அதைச் செய்யாமல், உப்புக்காற்று அடிக்கும் ஊரில், தோல் உறைக்குள்ளேயே செருகி வைத்தது என்றால் கேட்கவே வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; உறை தொட்ட இடமெல்லாம் துரு வரைபடம் போட்டிருக்கும்.

அடுத்து, காய்ந்த எண்ணெய். பல வருடத்தில் அது பிசினாகி, ஸ்பிரிங்கையும் பின்னையும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். விசை அசையாததற்கு அநேகமாக இதுதான் காரணம். முழுதாகக் கழற்றிக் கழுவினால் சரியாகிவிடும். மடக்கித் திறக்கும் ரகமென்றால், மூடிய பிறகு குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கே இடைவெளி இருந்தால் வெடிக்கும் வாயு சுடுபவரின் முகத்துக்கு வரும்.

கடைசியில் ஒரு கேள்வி பாக்கி: எந்தத் தோட்டா? பழைய குழல்கள் சில கரிமருந்தின் மிதமான அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. பழைய 12 போர் துப்பாக்கிகள் சிலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டாவோ 70. உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். “சுடத் தகுதியில்லை” என்று கடைக்காரர் சொன்னால் பேரம் பேசாதீர்கள்.

பெட்டியில் பழைய தோட்டாக்களும் இருக்கின்றன. காயலான் கடையில் போட்டுவிடலாமா?

தோட்டா வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கியோடு சேர்த்துக் காவல் நிலையத்தில் தெரிவியுங்கள். கிணற்றில் வீசுவது, குப்பையோடு கொளுத்துவது இரண்டும் கூடாது. காயலான் கடை என்ற யோசனை நம் ஊரில் இன்னும் விபரீதம். இங்கே சேரும் பழைய இரும்பு கும்மிடிப்பூண்டி உருக்காலைகளின் உலைக்குத்தான் போகும். 2004 செப்டம்பரில் காசியாபாத் அருகே ஓர் இரும்பு ஆலையில், பழைய இரும்போடு வந்த வெடிகுண்டுகள் வெடித்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே வெடித்தவை போர்க்கள ஷெல்கள், அளவே வேறு. ஆனாலும் தெரியாமல் கலந்து வந்த ஒன்றுக்குப் பலியானது உலையடியில் நின்றவர்கள்.

எல்லாம் சரியான பிறகு, வேட்டைக்குப் போகலாமா?

இல்லை. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. மிச்சமிருந்த வேட்டை அனுமதி முறையும் 1991 திருத்தத்தோடு போயிற்று. பயிரைக் காக்கத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியிருந்தாலும், காட்டுப்பன்றியைச் சுடும் அனுமதி அதில் சேராது. சரணாலயத்துக்குள் துப்பாக்கியோடு நுழைவதே தனிக் குற்றம். அமெரிக்காவில் 1967-ல் வந்த ‘கன்டெண்டர்’ போன்ற ஒற்றைத்தோட்டா கைத்துப்பாக்கியை வைத்து மான் வேட்டையாடும் யூடியூப் காட்சிகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அந்த நாட்டுச் சட்டம் வேறு.

குறி பார்த்துச் சுடுவதுதான் ஆசை என்றால் ரைஃபிள் கிளப்பில் சேரலாம். ஏர் பிஸ்டல் இன்னும் எளிது: 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழல் உள்விட்டமும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அதைக் கொண்டு கொக்கைச் சுட்டாலும் வன உயிரினச் சட்டப்படி வழக்குதான்.