ஊத்தா போடத் தெரியுமா?

கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் இலுப்பூர் வட்டாரத்தில் மீன்பிடித் திருவிழாக்கள் களைகட்டும். விடியும்முன்பே கரை நிறைய ஆட்கள். ஊர்ப் பெரியவர் துண்டை வீசிவிட்டால் ஒரே ஓட்டம்தான். வலை, கச்சா, கூடை என்று கையில் கிடைத்ததோடு இறங்குவார்கள். பிடித்தது பெரும்பாலும் விற்பனைக்கு இல்லை, வீட்டுக் குழம்புக்குத்தான்.

இந்தக் கூட்டத்தில் நான் கவனிப்பது ஊத்தாக்காரர்களை. மூங்கிலைச் சீவி வட்டமாக நிறுத்திக் கட்டிய கூடுதான் ஊத்தா. அடி அகலமாகத் திறந்திருக்கும். மேலே கை நுழைகிற அளவுக்கு வாய். அசாமிலும் கம்போடியாவிலும்கூட இப்படிப்பட்ட கூடுகள் உண்டு. ஓடுகிற மீனைத் துரத்த இது உதவாது. கலங்கல் அசைகிற இடம் பார்த்து, சேற்றில் பதியும்படி சட்டென்று அழுத்த வேண்டும். பிறகு கூட்டின்மேல் கை வைத்து நிற்க வேண்டும். உள்ளே மாட்டிய மீன் மூங்கிலில் முட்டும். அந்த அதிர்வு கைக்குத் தெரியும். முட்டல் இல்லையா, தூக்கி அடுத்த இடம்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். சிலர் அழுத்திய வேகத்திலேயே தூக்கிப் பார்ப்பார்கள். மீன் அடிவழியே போய்விடும். சிலர் வெறுங்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதற்குள் கண்மாய் காலியாகிவிடும். சிறுதொழில் செய்கிறவர்களிடமும் இந்த இரண்டு ரகமும் உண்டு. ஒரே மாதத்தில் சரக்கை மாற்றுகிறவர் ஒருவர். மூன்று வருஷமாக ஆள் வராத முக்கில் வாடகை கட்டுகிறவர் இன்னொருவர். இரண்டாமவர் அதைப் பொறுமை என்பார். எனக்கு அது பிடிவாதமாகத்தான் படுகிறது. வாடிக்கையாளர் முட்டுகிறாரா என்று கை வைத்துப் பார்த்தால்தானே தெரியும்?

விரால் சமாச்சாரம் வேறு. கலங்கலில் மூச்சுத் திணறி கெண்டையும் ஜிலேபியும் மேலே வந்துவிடும். ஆரம்பத்தில் எல்லோர் பையிலும் அவைதான். விராலுக்குச் செவுளோடு, காற்றைச் சுவாசிக்கத் தலைக்குள் தனி உறுப்பும் உண்டு. அதனால் அது சேற்றில் பதுங்கிக் கிடக்கும், எப்போதாவது மேலே வந்து ஒரு வாய்க் காற்று வாங்கிப் போகும். அந்தக் குமிழியைப் பார்த்து வைத்திருப்பவருக்கே விரால். விலை அதிகமுள்ள சரக்குக்குக் கூட்டம் குறைவு, காத்திருப்பு அதிகம்.

ஊத்தா வாங்கி இறங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: முட்டியது என்ற சந்தோஷத்தில் அவசரமாகக் கையை உள்ளே விட்டுவிடாதீர்கள். கெளுத்தியாக இருந்தால் முள் உள்ளங்கையில் ஏறிவிடும். மெல்லத் தடவி, என்ன மீன் என்று தெரிந்த பிறகு பிடியுங்கள்.