தொடர்மாடி வீட்டில் ஜெம்பே பழகுவோம்

பிரான்சில் தொழிற்சாலை, உணவகம், துப்புரவு என எமக்கு வேலை கிடைக்கும் இடங்களில் மாலி, கினி, செனகல் நாட்டவர்களும் வேலை செய்கிறார்கள். புதிதாக வந்த எம்மவர்க்கு "போன்ஜூர்", "சாவா" என்பவற்றுக்கு மேல் அவர்களுடன் பேச மொழி போதாது. ஆனால், மொழி வருமுன்னரே கைகளால் பழகக்கூடிய ஒன்று அவர்களிடம் உண்டு. அதுதான் ஜெம்பே.

மாலி, கினி நாடுகளின் மாண்டிங் மக்களுக்கு உரியது இந்த மேளம். ஒரே மரக்குற்றியைக் குடைந்து, ஆட்டுத்தோலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். வெறுங்கையால் மூன்று ஒலிகள் எழுப்பலாம். நடுவில் அடித்தால் கனத்த ஒலி. ஓரத்தில் விரல்களைச் சேர்த்து அடித்தால் தெளிந்த ஒலி. விரல்களைத் தளர்த்தி அடித்தால் கூரிய ஒலி. கூடவே தடியால் அடிக்கும் மூன்று மேளங்கள் உண்டு: சிறியது கென்கெனி, நடுத்தரம் சங்பன், பெரியது துனுன்பா.

கினியில் பிறந்த மாமடி கெய்ட்டா 1964இல் அந்நாட்டின் ஜோலிபா நடனக்குழுவில் சேர்ந்தவர். 1991இல் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் ஜெம்பே பள்ளி தொடங்கினார். 2021இல் காலமானார். இவர் போன்றோரால் இன்று ஐரோப்பிய நகரங்களில் ஜெம்பே வகுப்புகள் நடக்கின்றன.

வகுப்புக்குப் போகப் பணமும் நேரமும் வேண்டும். ஒரு கிழமை காலை வேலை, மறு கிழமை இரவு வேலை என்று இருக்கும் எமக்கு அது எளிதல்ல. இங்கேதான் இணையப் பயிற்சிக் கருவி உதவுகிறது. திரையில் ஒவ்வொரு மேளத்துக்கும் ஒரு வரி. வரியில் 16 அல்லது 12 கட்டங்கள். அடி விழும் கட்டத்தில் குறி இருக்கும். வேகத்தைக் குறைக்கலாம். ஒரு மேளத்தின் ஒலியை மட்டும் நிறுத்திவிட்டு அந்தப் பங்கை நாமே அடிக்கலாம். மேளம் இல்லாவிட்டாலும் குறையில்லை. காதொலிப்பானை மாட்டிக்கொண்டு தலையணையில் அடித்துப் பழகினால் கீழ்வீட்டாரும் கதவைத் தட்டமாட்டார்கள்.

முதலில் கென்கெனி வரியை எடுங்கள். அடிகள் குறைவு, ஆனால் தளராமல் அடிக்கவேண்டும். கினியில் வயல் வேலையோடு வாசிக்கப்படும் கஸ்ஸா தாளத்திலும் எல்லாரும் ஒரே அடியை அடிப்பதில்லை. ஒவ்வொருவரும் தம் பங்கை விடாது பிடிப்பதால்தான் தாளம் பிறக்கிறது.

ஒன்றை மறந்துவிடலாகாது. கணினி கட்டங்களைச் சரிசமமாகப் பிரிக்கிறது. மாலியின் வாசிப்பில் ஓர் அடிக்குள் வரும் சிறு பிரிவுகள் பல வேளைகளில் சமமாக இருப்பதில்லை. ஒன்று குறுகும், ஒன்று நீளும். அந்த அசைவைத் திரை காட்டாது. வாசிப்பவரின் அருகிருந்துதான் பிடிக்கவேண்டும். நாமும் மிருதங்கத்தைக் குருவின் முன்னிருந்து, "தா தி தொம் நம்" என்று வாயால் சொல்லித்தானே பழகுகிறோம்!

ஆகவே கருவியில் ஒரு பங்கை உறுதியாகப் பழகுங்கள். பிறகு, வேலைத்தலத்தில் உங்கள் பக்கத்தில் நிற்பவரிடம் உணவு இடைவேளையில் மேசைமேல் அதைத் தட்டிக் காட்டுங்கள். அவருக்குத் தெரிந்த தாளமானால் அடுத்த பங்கை அவர் தட்டுவார். வேலையும் படுக்கையுமாய்ப் போகும் வாழ்வில் எமக்கு ஒரு நண்பர் கிடைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எமது பிள்ளைகளும் அவருடைய பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து வாசிக்கும் நாளும் வரும்.