தண்டினால் இயங்கும் பழைய மோட்டார் சைக்கிள்கள்: பின்னச்சும் பின்தொங்கலும்

மோட்டார் சைக்கிளின் பின்சில்லைச் சுழற்றுதற்குச் சங்கிலி, பட்டை, தண்டு என மூவகைச் சாதனங்கள் உள. காலி வீதியில் நாடோறும் ஓடும் வண்டிகளுள் மிகப் பெரும்பாலானவை சங்கிலியையே நம்பியவை. தண்டினால் இயங்குவன அருகியே காணப்படும். காணப்படுவனவும் பெரும்பாலும் முதியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டிலேயே தனியார்க்கு மீண்டும் வழி திறந்தமையால், இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டியைப் பேணுதல் பொழுதுபோக்காக இருந்த நிலை மாறி, வேண்டற்பாடாயிற்று. ஆயினும் தண்டு வண்டிக்குப் பராமரிப்பே வேண்டா என்னும் தவறான எண்ணம் இன்றும் பலரிடம் உண்டு. சங்கிலி தளர்ந்தால் ஓசையிட்டு அறிவிக்கும். தண்டோ மூடிய உறையினுள் அமைதியாகத் தேயும். தேய்ந்து உடையும் நாளிற் பின்சில்லு ஓட்டத்தின் நடுவே பூட்டிக்கொள்ளுதலுங் கூடும். பின்னிருக்கையிற் பிள்ளையை ஏற்றிச் செல்பவர்க்கு இது சிறு செய்தியன்று.

பெல்ஜிய நாட்டு எவ்.என். நிறுவனத்தின் நான்கு உருளை வண்டி இந்நூற்றாண்டுக்கு முந்தியதன் தொடக்கத்திலேயே தண்டினால் இயங்கியது. 1923 இல் மாக்ஸ் பிறிட்ஸ் என்பார் வகுத்த பி.எம்.டபிள்யூ. ஆர் 32 அம்முறையை நிலைநாட்டியது. அதன் பின்சில்லுக்கு வில்லே இல்லை. 1938 இல் ஆர் 51 வகையிற் பின்சில்லு செங்குத்தான இரு தூண்களின்மேல் ஏறியிறங்கலாயிற்று. 1955 இல் ஆர் 50, ஆர் 69 ஆகியவற்றில் ஊசற்கை வந்தது. தண்டு அதன் வலக்கைக் குழாயினுள்ளே எண்ணெயில் மூழ்கி ஓடியது. ஆங்கிலேயரின் சன்பீம் எஸ் 7 கூம்புப் பற்சில்லுக்குப் பதிலாகப் புரியாணிச் சில்லைக் கையாண்டது. மிகு வலுவைத் தாங்க மாட்டாமை அதன் குறையாயிற்று.

இவ்வமைப்பின் இயக்கத்தை அறிந்தாலன்றிப் பேணுகையின் காரணம் விளங்காது. கியர்ப்பெட்டியிலிருந்து வரும் சுழற்சி முதலிற் குறுக்குமூட்டை அடைகிறது. பட்டறைக்காரர் இதனை 'யுனிவேர்சல் ஜொயின்ற்' என்பர். அங்கிருந்து தண்டு வழியே பின்சென்று, 'பினியன்' எனும் சிறு பற்சில்லு 'கிறவுண்' எனும் பெரிய பற்சில்லைத் தள்ள, சில்லு சுழல்கிறது. சிறியது ஏறத்தாழ மும்முறை சுற்றினாற் பெரியது ஒருமுறை சுற்றும். முறுக்குவலுவும் அவ்வளவிற் பெருகும். சில்லு மேடுபள்ளத்தில் ஏறியிறங்குங்காற் குறுக்குமூட்டு வளைகிறது. வளைந்த மூட்டொன்று சீரான சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். வளைவு 10 பாகையாயின் இவ்வேறுபாடு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று. 20 பாகையாயின் பன்னிரண்டைத் தாண்டும். வளைவு இருமடங்கானாற் கேடு நான்கு மடங்காம். ஆதலின் பின்வில்லின் உயரமும் தண்டின் ஆயுளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வேறொரு வண்டியின் நெடிய அதிர்வடக்கியை மலிவாகக் கிடைத்ததென்று பூட்டுவோர் குறுக்குமூட்டின் ஆயுளைக் குறைக்கின்றனர் என்பதை அறிவதில்லை.

தண்டு வண்டிக்கே உரிய இயல்பு மற்றொன்று. முடுக்கியைத் திருகும்போது சிறு பற்சில்லு பெரியதன்மேல் ஏற முயல, வண்டியின் பின்புறம் உயரும். முடுக்கியை மூடினால் தாழும். வளைவொன்றில் அஞ்சி முடுக்கியைத் திடீரென மூடுவோன் வண்டி தாழ்ந்து நிலத்தை உரசக் காண்பான். தளர்ந்த வில்லுள்ள வண்டியில் இத்தீங்கு மிகும். 1987 இல் பி.எம்.டபிள்யூ. 'பராலெவர்' எனும் இணைகோல் முறையைப் புகுத்தி இவ்வேற்றத்தைப் பெரிதும் குறைத்தது. அதற்கு முந்திய வண்டியை ஓட்டுவோர் அவ்வியல்பை அறிந்தே ஓட்டல் வேண்டும்.

பேணுகையில் முதலிடம் எண்ணெய்க்கே. பின்பெட்டிக்கு வேண்டிய எண்ணெய் மிகக் குறைவு. 1969 இல் வந்த '5' வரிசை வண்டிகளிற் கால் லீற்றரளவே. அளவு சிறிதாதலின் கசிவும் நீரும் விரைவிற் கேடு செய்யும். வண்டியைச் சிறிது ஓட்டி எண்ணெய் சூடேறிய பின்னரே வடித்தல் வேண்டும். வடிதுளையைத் திறக்குமுன் ஊற்றுதுளையைத் திறந்து பார்ப்பது நன்று. ஊற்றுதுளையின் ஆணி துருவேறி அசைய மறுக்குமாயின், எண்ணெயை வடித்துவிட்டுத் திகைத்து நிற்க நேரும். வடிந்த எண்ணெயிற் சாம்பல்நிற மென்பொடி இருந்தால் அது இயல்பான தேய்வு. ஊசி போன்ற இரும்புச் சிராய் கிடைத்தாற் பெட்டியைக் கழற்றியே பார்க்க வேண்டும். பாற்தேநீர் நிறமாயிருந்தால் நீர் புகுந்துள்ளது. பருவமழையில் தெருவெள்ளத்தின் ஊடே வண்டியைச் செலுத்தினோர் இதனை அடிக்கடி காண்பர். சூடான பெட்டி வெள்ளத்திற் குளிருங்கால் உள்வளி சுருங்கி நீரை உறிஞ்சும்.

ஊசற்கைக் குழாயும் பின்பெட்டியும் தனித்தனி எண்ணெய் கொண்டவை. ஒன்றிற் குறைந்து மற்றொன்றில் மிகுந்து காணப்படின், இடையிலுள்ள ஒயில் சீல் பழுதென்று துணியலாம். சில்லுப் பக்கத்துச் சீல் பழுதானால் எண்ணெய் பிறேக் உருளையினுட் பரவும். பின்பிறேக் பிடியாமற் போவதன் காரணத்தைக் கம்பியிலும் காற்பிடியிலும் தேடுவோர் பலர்; காரணம் பெரும்பாலும் இங்கேதான். பெட்டியின் சிறு காற்றுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தாற் புதிய சீலும் நெடுநாள் நில்லாது.

அடுத்தது வரிப்பற்கள். பின்பெட்டியின் பற்கள் சில்லின் குடத்திலுள்ள பற்களோடு பொருந்தியே வலுவைக் கடத்துகின்றன. இவற்றை எண்ணெய் எட்டாது. கையாற் கிறீஸ் பூசினாலன்றி வேறு காப்பில்லை. ரயர் மாற்றக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பழைய அழுக்கைத் துடைத்து, மொலிப்டினம் கலந்த கிறீஸை மெல்லிதாகப் பூசுதல் வேண்டும். ஆண்டுக்கொருமுறையேனும் செய்தல் நன்று. பற்களின் உச்சி தட்டையாயிருத்தல் நலம். சுறாப்பல்போற் கூராகியிருந்தால் மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது.

பின்தொங்கலை அளந்தறிதல் எளிது. சில்லு நிலத்திற் படாது தொங்கும்போது அச்சுக்கும் இருக்கைச் சட்டத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து, ஓட்டுநர் அமர்ந்தபின் மீண்டும் அளத்தல் வேண்டும். மொத்தப் பயணம் 100 மில்லிமீற்றராயின் 30 அளவு தாழ்வது பொருத்தம். அதனினும் மிகத் தாழ்ந்தால் வில் களைத்துவிட்டது. பின்புறத்தை அழுத்திவிட்டால் ஒருமுறை எழுந்து அமைதலே நல்ல அதிர்வடக்கியின் இலக்கணம். இரண்டு மூன்று முறை ஆடுவதாயின் அதன் எண்ணெய் போய்விட்டது. ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனமன்று. இருபுறத்தையும் ஒருங்கே மாற்றாவிடின் ஊசற்கை முறுக்குண்டு அதன் போதிகைகள் கெடும்.

வெள்ளவத்தையிற் கடற்காற்றும் கொட்டாஞ்சேனையிற் துறைமுகக் காற்றும் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியையும் விடுவதில்லை. உப்புப் படிந்து வில்லின் இறுக்கம் மாற்றும் வளையம் இறுகிப்போகிறது. குறுக்குமூட்டின் இறப்பர் உறை வெடிக்கிறது. கழுவும்போது நன்னீரைத் தாராளமாக விட்டு, உலர்ந்தபின் வளையத்துக்குக் கிறீஸ் இடுதலே இதற்கு மருந்து. உதிரிப்பாகம் தேடுவோர் பஞ்சிகாவத்தைக்குச் செல்வது வழக்கம். போதிகையும் ஒயில் சீலும் உலகப் பொது அளவுகளில் வருவன ஆதலின், பழையதன் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகியவற்றைக் குறித்துச் சென்றால் வண்டியின் பெயரைச் சொல்லாமலே பெரும்பாலும் பெறலாம். முச்சக்கர வண்டியின் பின்சில்லுகளும் சிறு தண்டுகளாற்றான் சுழல்வதால், அவற்றைத் திருத்தும் கைகள் இவ்வேலைக்குப் புதியவையல்ல. ஆயினும் தண்டைக் கியர்ப்பெட்டியோடு பிணைக்கும் நான்கு மரையாணிகளைப் பழையவற்றையே மீளப் பூட்ட அவர்களை விடலாகாது. அவை புதியனவாய், உரிய அளவுக்கு முறுக்கப்பட்டு, இறப்பர் உறை மூடப்படுமுன் உரிமையாளரின் கண்ணுக்குக் காட்டப்படல் வேண்டும்.