மருந்து கொடுத்தாச்சா, கொடுக்கலையா?

மன்னார்குடியில் எங்கள் வீடு எது என்று தெருவில் யாரையும் கேட்டுப் பாருங்கள். "வாசல்ல செருப்புக்கடை விரிச்ச மாதிரி இருக்கும், அந்த வீடு" என்பார்கள். தப்பில்லை. மாமனார், மாமியார், மூன்று பிள்ளைகள், மூன்று மருமகள்கள், 7 குழந்தைகள், ஆக மொத்தம் 15 பேர். கோடை விடுமுறைக்கு நாத்தனார் தன் இரண்டு வாண்டுகளுடன் வந்து இறங்கிவிட்டால் 18. நான் மூத்த மருமகள். என் பிள்ளைகள் இருவரும் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். இப்போது வீட்டை ஆள்வது மூன்று பொடிசுகள். மூன்று வயசு சுண்டெலி, நாலு வயசு மைனா, எட்டு மாதப் பாப்பா. பேர் வைத்த விசேஷத்தைப் பாருங்கள், மைனா வாயே திறக்காது. சுண்டெலி யானைத் தீனி தின்பான்.

"இத்தனை பேர் இருக்கீங்களே, குழந்தை வளர்க்கிறது உங்களுக்கு ஒரு கஷ்டமா?" என்று தனிக்குடித்தனம் நடத்தும் தோழிகள் பெருமூச்சு விடுவார்கள். கை நிறைய இருப்பது வாஸ்தவம்தான். ஆனால் என் மாமியார் சொல்வதும் வாஸ்தவம்: "எல்லாரும் பாத்துக்கிறாங்கன்னா, யாரும் பாத்துக்கலைன்னு அர்த்தம்டி!"

காலைப் பலகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஆறரை மணிக்கு அப்பாயி ஒரு இட்லியைப் பிட்டு, சர்க்கரை தொட்டுச் சுண்டெலிக்கு ஊட்டிவிடுவார். ஏழரைக்கு அவன் அம்மா கிண்ணத்தோடு துரத்துவாள். எட்டு மணிக்குத் தாத்தா மடியில் ஏறி அவர் தட்டில் பாதியை முடிப்பான். ஒன்பது மணிக்கு என்னிடம் வந்து, வயிற்றை எக்கிக்கொண்டு, "பெரியம்மா, எனக்கு யாருமே ஒண்ணுமே தரலை" என்பான். அந்த முகத்தைப் பார்த்தால் கல் நெஞ்சும் கரைந்துவிடும். வாயோரம் ஒட்டியிருக்கும் சட்னிதான் காட்டிக்கொடுக்கும்.

மைனா கதை நேர் எதிர். ஒருநாள் பதினோரு மணிவரை அது பட்டினி. அம்மா ஊட்டியிருப்பாள் என்று அப்பாயியும், அப்பாயி ஊட்டியிருப்பார் என்று அம்மாவும், இருவரில் ஒருவர் ஊட்டாமலா இருப்பார்கள் என்று மற்றவர்களும் இருந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் வேலிப்பக்கமிருந்து குரல் கொடுத்த பிறகுதான் சங்கதி வெளியே வந்தது. "உங்க வீட்டுப் பொண்ணு இங்க வந்து ரெண்டு தோசை சாப்பிட்டிருக்கு. சட்னி காரமாம், சர்க்கரை இருந்தா குடுத்தனுப்புங்க!" எங்கள் வீட்டில் வாய் திறக்காத பெண், அங்கே போய்ச் சட்னியில் குற்றம் சொல்லியிருக்கிறது.

விடுமுறை நாளில் எண்ணெய்க் குளியல் என்றால் கொல்லைப்புறம் திருவிழாதான். கிணற்றடியில் வரிசையாக உட்கார வைத்து நான் எண்ணெய் தேய்க்க, நடு ஓரகத்தி சீயக்காய் போட, சின்னவள் துவட்டிவிட, அப்பாயி உச்சந்தலையில் ராஸ்னாதிப் பொடி வைத்து உள்ளே அனுப்புவார். ஒருமுறை எல்லாம் முடிந்து தட்டு வைக்கும்போது ஒரு தட்டு குறைந்தது. எண்ணிப் பார்த்தால் எங்கள் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுப் பையனும் பளபளவென்று குளித்து உட்கார்ந்திருக்கிறான்! கூப்பிட்டார்கள், வந்தேன் என்கிறான். அவன் அம்மாவிடம் சொல்லி வருத்தப்படலாம் என்று போனால், "இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை அனுப்பிடறேன்க்கா" என்று அவள் நிம்மதியாகச் சொல்லிவிட்டாள்.

சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த வருஷத்து வெண்ணெய்த்தாழி வரைக்கும்.

வெளியூர் வாசகியருக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர் ராஜகோபாலசுவாமி கோயிலில் பங்குனிப் பெருவிழா 18 நாள். 16-ஆம் நாள் வெண்ணெய்த்தாழி. அன்று பெருமாள் தவழும் கிருஷ்ணராக, கையில் வெண்ணெய்க் குடத்தோடு பல்லக்கில் வீதி வருவார். ஜனங்கள் அவர் மீது வெண்ணெயை வீசி வேண்டிக்கொள்வார்கள். தெருவெல்லாம் வெண்ணெய் வழுக்கும். குழந்தைகளுக்கு இதைவிட வேறு சந்தோஷம் வேண்டுமா? பெரியவர்களே "வீசு, வீசு" என்று சொல்கிற ஒரே நாள் அதுதானே!

சுண்டெலி கையில் இலைத் துண்டில் ஒரு உருண்டை வெண்ணெய் கொடுத்திருந்தோம். பல்லக்கு பக்கத்தில் வந்ததும் அவன் சித்தப்பா தோளில் தூக்கிப் பிடிக்க, பயல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி வீசினான். அது நேராக முன்னால் நின்ற ஒரு பெரியவரின் வழுக்கைத் தலையில் போய் உட்கார்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ இரண்டு கையாலும் தலை முழுக்கத் தேய்த்துக்கொண்டு, "பெருமாளே, உன் கருணை!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நழுவினோம்.

திரும்பும்போது ஹரித்ராநதிக் கரை வழியாக வந்தோம். நதி என்று பெயரே தவிர அது தெப்பக்குளம். 23 ஏக்கர். அக்கரையில் நிற்கும் ஆள் இங்கிருந்து பொம்மை மாதிரித் தெரிவார். கரையில் நின்று மாமனார் பிள்ளைகளை எண்ணினார். ஆறு. மறுபடி எண்ணினார். ஆறு. "மைனா எங்கே?" என்றார். சின்ன ஓரகத்தி, "அக்காகிட்ட இல்லையா?" என்றாள். நான், "உன்கிட்டதானே விட்டாங்க" என்றேன். கொழுந்தனார் படிக்கட்டில் தடதடவென்று இறங்கித் தண்ணீரையே பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்த இரண்டு நிமிஷம் என் கை கால் எல்லாம் ஜில்லிட்டுப்போனது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அப்போது மாமனாரின் தலைக்கு மேலிருந்து ஒரு சின்னக் குரல்: "தாத்தா, நான் இங்க இருக்கேன்."

அவர் தோளில்தான் உட்கார்ந்திருந்தது! ஆற்றைக் கடந்துவிட்டுத் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணினார்களே வீரமாமுனிவரின் பரமார்த்த குருவினுடைய சீடர்கள், அதே கதை. வீட்டுக்கு வந்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னைக்குத் தோள்ல இருந்துச்சு. நாளைக்கு?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். தண்ணீரில் விழுந்த சின்னக் குழந்தை சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டிக் கத்தாது. சத்தமில்லாமல் முழுகிவிடும். குளமும் வாய்க்காலும் நிறைந்த நம் டெல்டாப் பக்கத்தில் பத்துப் பேர் கரையில் நிற்பது காவலாகாது. அன்றிலிருந்து வெளியே கிளம்பும்போது வாசலிலேயே பேர் சொல்லி ஒப்படைத்துவிடுகிறோம். "மைனா உங்க பொறுப்பு. சுண்டெலி உங்க பொறுப்பு." இடையில் கை மாற்றினால், "நான் விட்டுட்டேன், நீ எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டு, "எடுத்துக்கிட்டேன்" என்று பதில் வந்த பிறகுதான் நகர வேண்டும். ஏதோ பண்டம் கை மாற்றுகிற மாதிரி இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும்.

வெளியே போவதற்கு வழி கண்டாயிற்று. வீட்டுக்குள்?

அந்த ஆடியில் சுண்டெலிக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் 6 மணிக்கு அவன் அம்மா, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த பாராசிட்டமால் சிரப்பை 5 மில்லி அளந்து கொடுத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள். அரை மணி கழித்து அப்பாயி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கொதிக்கிறது. "பாவிப் பொண்ணு, பிள்ளைக்கு மருந்து குடுக்காமப் போயிட்டாளே" என்று அவர் பங்குக்குக் கொடுத்தார், அதுவும் பாலாடையில் கண்ணளவாக. அந்த மருந்தோ தித்திப்பு. பயல் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தானே ஒழிய, முன்னமே குடித்ததைச் சொல்லவில்லை. ஏழு மணிக்குக் கொழுந்தனார் ஊரிலிருந்து வந்தார், கையில் ஒரு புது மருந்துப் புட்டியோடு. பிரித்து, மூடியில் ஊற்றி, பிள்ளை வாயருகே கொண்டுபோய்விட்டார்.

"அவன் ரெண்டு தடவ குடிச்சிட்டான்."

சொன்னது மைனா. மூலையில் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

டாக்டருக்குப் போன் செய்தோம். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்றார். அம்மா கொடுத்தது 5 மில்லி. பாலாடைக் கணக்கு? மாமியாரைத் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லி, அதை மருந்து மூடியில் மாற்றி அளந்தோம். 5-க்குக் கொஞ்சம் மேலே வந்தது. புட்டியில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. பிள்ளை எடை 12 கிலோ. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அதாவது அவனுக்கு 120 முதல் 180 வரை போகலாம். போனது 240-க்கு மேல். "இந்த ஒரு தடவைக்குப் பயம் வேண்டாம், ராத்திரி இனி இந்த மருந்தைத் தொடாதீங்க. தண்ணி நிறையக் குடுங்க, வாந்தி எடுத்தாலோ சோர்ந்து கிடந்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்றார்.

பிறகு அந்தப் புதுப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். அது கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து, 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். சிரப் என்று நினைத்து 5 மில்லி கொடுத்திருந்தால் 500! பெயர் ஒன்றுதான், வீரியம் நாலு பங்கு. இந்த மருந்து அளவோடு கொடுத்தால் நல்ல மருந்து, ஆளுக்கு ஒரு தடவை என்று இரண்டு மூன்று நாள் கூடிக்கொண்டே போனால் ஈரலைக் கெடுத்துவிடும் என்றார். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும், ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் தானாகக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். சகோதரிகளே, புட்டியின் பெயரோடு நிறுத்தாமல் அந்தப் பொடி எழுத்தையும் படித்துவிடுங்கள். கண்ணாடி போட்டாவது படியுங்கள்.

பாலாடைக்கு அன்றோடு ஓய்வு கொடுத்தோம். வீட்டுக்கு வீடு அதன் அளவு வேறு. ஸ்பூனும் அப்படித்தான். எங்கள் அலமாரியில் இருந்த இரண்டு டீ ஸ்பூன்களை அளந்து பார்த்தேன். ஒன்று 4 மில்லி, இன்னொன்று 7. மருந்தோடு வரும் மூடிதான் அளவு.

யார் கொடுத்தார்கள் என்பதற்கு என்ன வழி? மாமனார்தான் யோசனை சொன்னார். "போலியோ சொட்டு மருந்து குடுத்தா சுண்டு விரல்ல மை வைக்கிறாங்கல்ல? அந்த மாதிரி இவனுக்கும் வச்சுடு." நல்ல யோசனைதான். 1995-இல் தொடங்கி ஊர் ஊராக, தெருத் தெருவாகக் கோடிக்கணக்கான பிள்ளைகளை அந்த மைப்புள்ளியை வைத்துத்தானே கணக்குப் பார்த்தார்கள்! 2011 ஜனவரிக்குப் பிறகு நம் நாட்டில் போலியோ வரவில்லை என்று 2014-இல் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் சுண்டெலி மை வைத்த விரலை வாயில் போட்டுச் சப்புகிற ஜாதி. ஆகவே தினசரிக் காலண்டரில் எழுதலாம் என்றோம். அதுவும் நடக்கவில்லை. விடியற்காலை எழுந்ததும் மாமியார் தாளைக் கிழித்துவிடுவார். ராத்திரி இரண்டு மணிக்குக் கொடுத்த கணக்கு ஆறு மணிக்கு அடுப்புக்குப் போய்விடும்.

கடைசியில் என் மகனின் பழைய சிலேட்டு கை கொடுத்தது. அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, கயிற்றில் பலப்பம் கட்டிவிட்டோம். யாருக்கு, என்ன மருந்து, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது. எழுதிவிட்டுத்தான் புட்டியை மூட வேண்டும். பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது இதன் அருமை தெரிந்தது. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை ஆளுக்குக் கொஞ்சம் தம்ளரில் போட்டுக் கலக்கும் பழக்கம் நின்றது. பெரிய பாக்கெட் என்றால் முழுசாக 1 லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைக்க வேண்டும். 24 மணி நேரம் ஆனால் மீதியைக் கொட்டிவிட வேண்டும். கரைத்த நேரம் சிலேட்டில் இருந்தது. துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள். போக்கு நின்ற மூன்றாம் நாளே, "சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு?" என்று நிறுத்திவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இந்தத் தடவை 14 கோடும் விழுந்தது. கோடு போட்டவர் என் மாமியார். பாலாடை போன கோபம் அதற்குள் தீர்ந்திருந்தது.

எழுதக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "சுண்டெலி, அடி, 4 மணி, அக்கா" என்று புகார்கள் வர ஆரம்பித்தன. "சித்தப்பா, காபி, 3 தடவை" என்று ஒருநாள். போன வாரம் காலையில் நான் கதவைத் திறந்தால், சர்க்கரை வியாதிக்காரரான என் மாமனார் பெயரில் ஒரு வரி: "தாத்தா, மைசூர்பாகு, நேத்து ராத்திரி, யாரும் குடுக்கல, அவரே எடுத்துக்கிட்டாரு." சொன்னது மைனாவாம், எழுதிக் கொடுத்தது அதன் அண்ணன். நான் படித்து முடிப்பதற்குள், பின்னால் வந்து நின்ற மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சிலேட்டை அழுந்தத் துடைத்துவிட்டு, "இதுல இடமே பத்தலைம்மா, பெரிசா ஒண்ணு வாங்கணும்" என்றார். அடுப்படிக்குள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது: "நான் அப்பவே படிச்சாச்சு!"