காயம் தலையில், மருந்து குடலுக்கு

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலரின் உடம்பில் தழும்பே கிடையாது. சாலையோரம் புதைத்திருந்த குண்டு வெடித்தபோது கவச வண்டிக்குள் இருந்தவர்கள் அவர்கள். வண்டி தாங்கிக்கொண்டது, அழுத்த அலை தலைக்குள் புகுந்து போனது. கொஞ்ச நேரம் நினைவு தப்பி, பிறகு எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வீடு திரும்பிய பிறகும் தலைவலியும் மறதியும் விடவில்லை. கதவு அடித்துச் சாத்தினால் உடம்பு தூக்கிவாரிப்போடுகிறது. பழைய காட்சிகள் கனவில் வந்து தூக்கத்தைப் பறிக்கின்றன.

2000க்குப் பிறகு அமெரிக்கப் படையில் மூளைக் காயம் என்று பதிவானவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். பயிற்சியிலும் விபத்திலும் அடிபட்டவர்களும் இதில் அடக்கம். பெரும்பாலான காயங்கள் லேசானவை என்றே மருத்துவக் குறிப்பில் இருக்கும். சாதாரண ஸ்கேனில் எதுவும் தெரியாது. ஆனால், குண்டுவெடிப்பில் சிக்கி, பின்னர் இறந்துபோன வீரர்களின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த டேனியல் பெர்ல் குழுவினர், அங்கே தனித்தன்மையான வடுக்களைக் கண்டு 2016ல் வெளியிட்டார்கள். ‘உனக்கு ஒன்றுமில்லை, மனசைத் திடமாக வைத்துக்கொள்’ என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களுக்கு இந்தச் செய்தி எவ்வளவு பெரியது!

மூளைக் காயமும் பி.டி.எஸ்.டி. எனும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயும் ஒருவரையே பிடிக்கும்போது எந்தத் தொல்லை எதனால் வந்தது என்று பிரிக்க முடிவதில்லை. இரண்டுக்கும் பொதுவாகத் தென்படும் ஒன்று உண்டு: தணியாத அழற்சி. ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு அதைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்க மரைன் படையினர் 2,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வொன்று 2014ல் வெளிவந்தது. போருக்குப் போவதற்கு முன்பே சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தவர்களுக்கு, திரும்பிய பின் பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது.

குடல் இங்கேதான் கதைக்குள் வருகிறது. தலையில் பலத்த அடி பட்டால் குடல் சுவரின் இறுக்கம் தளர்கிறது என்பதை விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. உள்ளே கிடக்க வேண்டிய பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. நோய் எதிர்ப்பு அணுக்கள் பொங்கி எழுகின்றன. அழற்சி மூளையையும் எட்டுகிறது. அப்படியானால் குடலைச் சீர்செய்து அழற்சியைக் குறைக்க முடியாதா?

கொலராடோ மாநிலத்தில், முன்னாள் படைவீரர் நலத்துறையைச் சேர்ந்த லிசா பிரென்னரும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் லோரியும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைச் சோதித்தார்கள். எடுத்துக்கொண்டது லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்ற பாக்டீரியாவின் ஒரு வகை. பெரு நாட்டுத் தாய் ஒருவரின் பாலில் கிடைத்த பாக்டீரியாவின் வழிவந்தது அது. மூளைக் காயம், பி.டி.எஸ்.டி. இரண்டும் உள்ள 31 முன்னாள் வீரர்களில் ஒரு பாதியினருக்கு அது. மறுபாதியினருக்கு வெறும் போலி மருந்து. 8 வாரம்.

முடிவில் ஒரு சோதனை. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன் நின்று பேச வேண்டும்; பிறகு மனக்கணக்குப் போட வேண்டும். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993ல் வெளியான முறை இது. போர்க்களம் கண்டவருக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால், எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்தே இருக்கும் உடம்பு, இதற்கும் படபடக்கத்தான் செய்யும். பாக்டீரியாவை எடுத்தவர்களின் இதயத்துடிப்பு, போலி மருந்து எடுத்தவர்களின் அளவுக்கு ஏறவில்லை. சி.ஆர்.பி. குறைவதுபோல் தெரிந்தது, ஆனால், தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் எல்லையை நூலிழையில் தவறவிட்டது.

2020ல் வெளிவந்த இந்த ஆய்வு ஒரு முன்னோட்டம்தான். இப்படிச் சிகிச்சை தர முடியுமா, பாதுகாப்பானதா, வீரர்கள் ஏற்பார்களா என்பவையே அதன் முதல் கேள்விகள். 31 பேரை வைத்து ‘பி.டி.எஸ்.டி.க்கு மருந்து கிடைத்துவிட்டது’ என்று டப்பாவில் அச்சடித்து விற்பது அந்த வீரர்களுக்குச் செய்யும் துரோகம். அயர்லாந்து, கனடா ஆய்வாளர்கள் 2011ல் வேறொரு லாக்டோபேசில்லஸைக் கொடுத்து எலிகளின் பதற்றத்தைக் குறைத்தார்கள், உலகமே வியந்தது. அதே வகையை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்தபோது போலி மருந்தைவிட எந்தப் பலனும் இல்லை என்று 2017ல் தெரியவந்தது. வகைக்கு வகை வேலை மாறும். ஆகவே, வீட்டுத் தயிரே போதுமே என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்லவும் இடமில்லை.

இருந்தும் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. அனுபவத்தை மீண்டும் மீண்டும் பேசவைத்து அச்சத்தைக் கரைக்கும் உளவியல் சிகிச்சை பலன் தருகிறது; ஆனால், பாதியில் விட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். மனநல மருத்துவரின் கதவைத் தட்டவே கூசுகிறவர்கள் இன்னும் அதிகம். வயிற்றுக்கு ஒரு மருந்து என்றால் அவர்களுக்கு அந்தக் கூச்சம் இருக்காது. அது சிகிச்சைக்கு மாற்றாகாது. சிகிச்சையில் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு உடம்பைக் கொஞ்சம் அமைதிப்படுத்தினாலே போதும். அதைப் பெரிய ஆய்வுகள்தான் சொல்ல வேண்டும்.

லோரிக்கு இந்த யோசனை குடலிலிருந்து வரவில்லை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. அதைக் கொன்று எலிகளுக்கு ஊசியாகப் போட்டபோது என்ன நடந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.