சொட்டு எங்கிருந்து விழுகிறது?

மாமாவிடம் ஒரு பழைய அம்பாசடர் கார் இருந்தது. காலையில் வண்டியை எடுத்ததும், அது நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். வாசல் தெளிக்க வரும் அத்தைக்கு அதைக் கண்டாலே கோபம் வரும்.

“என்ஜினுக்கு அடியில இருக்கற போல்ட்டு ஒழுகுது. நல்லா முறுக்கிவிட்டாப் போதும்” என்று மாமா ஒரு முழ நீள ஸ்பேனரை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். மறுநாள் வட்டம் இன்னும் பெரிதாகியிருந்தது.

இறுக்கினால் ஒழுகல் நிற்கத்தானே வேண்டும்? எப்படிக் கூடியது? அப்போது நான் ஆறாம் வகுப்பு. மெக்கானிக் பாய் பட்டறையில் அன்று முழுக்க உட்கார்ந்திருந்ததில் எனக்கு விடை கிடைத்தது.

என்ஜினின் அடியில் ‘சம்ப்’ என்று ஒரு தொட்டி உண்டு. அம்பாசடரில் அதற்கு ஏறத்தாழ 4 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். பழைய எண்ணெயை வடிக்க, தொட்டியின் அடியில் ஒரு துளை வைத்து போல்ட்டால் அடைத்திருப்பார்கள். பெயரே ‘ட்ரெயின் போல்ட்’, அதாவது வடிக்கும் போல்ட்.

பாய் உடனே ஸ்பேனரைத் தொடவில்லை. “பாப்பா, எண்ணெய் மேல எங்க கசிஞ்சாலும் வழிஞ்சு வந்து அடியிலதான் தொங்கும். சொட்டற இடமெல்லாம் கசியற இடம் இல்ல” என்றார். மண்ணெண்ணெய்த் துணியால் சம்ப்பைப் பளிச்சென்று துடைத்தார். பிறகு அதன்மேல் முகப்பவுடரைத் தூவினார்! என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டார். வெல்லப்பாகு சூட்டில் இளகி ஓடும், ஆறினால் இறுகும் அல்லவா? எண்ணெயும் அப்படித்தான். சூடானதும் நீர்த்துப்போய்ச் சின்னஞ்சிறு இடுக்கிலும் நுழைந்துவிடும். சற்று நேரத்தில் போல்ட்டைச் சுற்றி மட்டும் பவுடர் நனைந்து கறுத்தது. அதற்கு மேலே எல்லாம் வெள்ளையாகவே இருந்தது. குற்றவாளி போல்ட்டுதான்.

இப்போது நீங்கள் ஒரு காகிதத்தைச் செங்கோண முக்கோணமாக வெட்டி, பென்சிலில் சுற்றிப் பாருங்கள். சாய்ந்த விளிம்பு பென்சிலைச் சுற்றி ஏறிப்போகும், மலைப்பாதை மலையைச் சுற்றி ஏறுவதுபோல. போல்ட்டில் இருக்கும் ‘மரை’ இதுதான். துளைக்குள்ளும் இதே மரை உண்டு. ஆனால் இரண்டு மரைகளுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருந்தே தீரும். இல்லாவிட்டால் போல்ட்டைத் திருகவே முடியாது. அந்த இடைவெளி எண்ணெய்க்கு ஒரு சுருள் பாதை. ஆக, எண்ணெயைத் தடுப்பது மரையின் வேலை இல்லை. அந்த வேலையைச் செய்வது, போல்ட்டின் தலைக்கும் சம்ப்புக்கும் நடுவில் இருக்கும் செம்பு வாஷர்.

கண்ணாடிபோல வழவழப்பான இரும்பையும் உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். இரும்போடு இரும்பு சேர்ந்தால் மேடுகள் மட்டும் முட்டிக்கொள்ளும். பள்ளங்கள் வழியே எண்ணெய் நழுவிவிடும். செம்பு இரும்பைவிட மென்மையானது. அழுத்தினால் மாவுபோல நசுங்கி அந்தப் பள்ளங்களை நிரப்பும்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. போல்ட்டை முறுக்கும்போது அது நீள்கிறது! கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனாலும் ரப்பர் பாண்டுபோல இழுபடுகிறது. பழைய நீளத்துக்கே சுருங்கப் பார்க்கிற அந்த இழுப்புதான் வாஷரை விடாமல் அழுத்திப் பிடிக்கிறது. அளவுக்கு மேல் முறுக்கினால்? அதிகமாக இழுத்த ஸ்பிரிங் தொளதொளத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். போல்ட்டும் அப்படியே நீண்டு நின்றுவிடும், மரையும் சிதைந்துவிடும். மாமாவின் நீள ஸ்பேனர் செய்தது அதைத்தான். கைப்பிடியின் நீளம் இரண்டு மடங்கானால் அதே கைபலம் இரண்டு மடங்கு முறுக்கும். கிணற்றடி ஏற்றம் முதல் கடப்பாரை வரை எல்லா நெம்புகோலுக்கும் இதே கணக்குதான்.

பாய் எண்ணெயை டின்னில் வடித்தார். ஒரு சொட்டைக்கூடச் சாக்கடைக்கு விடவில்லை. போல்ட்டைக் காட்டினார். மரை நசுங்கியிருந்தது. வேறு காரின் போல்ட்டைப் போட முடியாதா என்று கேட்டேன். அம்பாசடர், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்தது. அதன் மரைகள் அங்குலக் கணக்கு. புதிய கார்களுக்கு மில்லிமீட்டர் கணக்கு. முன்பெல்லாம் பட்டறைக்கு ஒரு மரை இருந்ததாம். ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர்தான் 1841-ல், எல்லாரும் ஒரே அளவில் மரை வெட்டுவோம் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது சரியான போல்ட்டைத் தேடி அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். மாமாவும் ஒரு மணி நேரம் அலைந்துதான் வாங்கி வந்தார்.

போல்ட்டு கிடைத்தது, வாஷர் கிடைக்கவில்லை. பழைய வாஷரோ பலமுறை நசுங்கிக் கெட்டியாகியிருந்தது. செம்பை அழுத்த அழுத்த அதன் அணு அடுக்குகள் தலைமுடிபோலச் சிக்கு விழுந்து நகர மறுக்கும். பாய் அதை இடுக்கியில் பிடித்து, சிவக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். ‘சுர்ர்’ என்றது. இரும்புக் கத்தியைக் கொல்லர் இப்படித் தோய்த்தால் இறுகும். செம்பு நேர்மாறு! காய்ச்சிய சூட்டில் சிக்கெல்லாம் பிரிந்து, மறுபடியும் மென்மையாகிவிடுகிறது.

மரை கோணிக்கொள்ளாமல் இருக்க, முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகினார். பிறகு சின்ன ஸ்பேனரால் ஒரு இறுக்கு, அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். போல்ட்டுக்கு நேர்கீழே தரை காய்ந்திருந்தது. ஆனால் ஒரு முழம் பின்னால், கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்குக் கீழே, மிளகளவு ஒரு சொட்டு! பாயிடம் போய் நின்றேன்.

“அது வேற கதை பாப்பா. அங்க கிராங்க் தண்டு வெளிய வருது. இந்த என்ஜின்ல அதுக்கு ரப்பர் சீல் வைக்கல. தண்டு மேலயே மரை மாதிரி சுருளா பள்ளம் வெட்டியிருக்கான். தண்டு சுத்தும்போது அந்த மரை எண்ணெயை உள்ளுக்குத் திருகி அனுப்பிடும். வண்டி நின்னா மரையும் நின்னுடும்ல? மிச்சம் இருக்கறது சொட்டும்.”

அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.