வசந்தகாலப் பந்தயமும் நின்றுபோகும் மாதவிடாயும்

கடும் பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் சில மாதங்கள் நின்றுபோவதும் இயல்பே என்னும் எண்ணம் விளையாட்டு உலகில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. வீராங்கனைகள் சிலர் அதைத் தொல்லை விட்டதாகக் கருதி மகிழ்வதும் உண்டு. பயிற்றுநர்களும் பெற்றோரும்கூட உடல் நன்கு பழகிவிட்டதற்கு அது அடையாளம் என்று எண்ணிவிடுகிறார்கள். இவ்வெண்ணம் தவறானது, எலும்புக்குக் கேடு விளைவிப்பது. ஏன் என்பதை விளக்குவதற்கு, அமெரிக்காவில் தொழில்முறை சாராத மகளிர் மிதிவண்டி அணிகள் கலந்துகொள்ளும் வசந்தகாலச் சாலைப் பந்தயங்களை இவ்விதழில் எடுத்துக்கொள்கிறோம். உழைப்புக்கும் உணவுக்கும் இடையிலான கணக்கு இந்த விளையாட்டில் தெரிவதுபோல் வேறெதிலும் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை என்பதே காரணம்.

அந்நாட்டின் வெப்பமான மாநிலங்களில் பிப்ரவரியிலேயே பந்தயங்கள் தொடங்கிவிடும். பனி பொழியும் மாநிலங்களில் மார்ச், ஏப்ரல் ஆகும். கலிபோர்னியாவின் ரெட்லண்ட்ஸ் நகரில் 1985 முதலும், நியூ மெக்சிகோவின் சில்வர் சிட்டியைச் சுற்றியுள்ள மலைச்சாலைகளில் 1987 முதலும், மான்டரே அருகில் 1991 முதலும் நடந்துவரும் பந்தயங்கள் இப்பருவத்தில் பெயர்பெற்றவை. இவற்றைத் தவிர, ஊர்தோறும் வார இறுதிகளில் சிறு பந்தயங்கள் நடைபெறும். புதிதாக வருபவர் ஐந்தாம் நிலையில் தொடங்கி, அனுபவத்தையும் வெற்றிகளையும் பொறுத்து முதல் நிலை வரை உயரலாம்.

அணியில் இருப்பவர்கள் ஆசிரியைகள், செவிலியர்கள், மாணவியர், பிள்ளை பெற்ற தாய்மார்கள். ஊதியம் கிடையாது; நுழைவுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் பெரும்பாலும் தாமே ஏற்க வேண்டும். விடியற்காலையிலோ பணி முடிந்த பின்னரோ பயிற்சி செய்து, சனி ஞாயிறுகளில் போட்டியிடுகிறார்கள். பந்தயங்கள் மூன்று வகை. ஊர்களுக்கிடையே பல கிலோமீட்டர் ஓடும் நெடுஞ்சாலைப் பந்தயம் ஒன்று. நகருக்குள் சிறு சுற்றுப்பாதையை முக்கால் மணி நேரம் அளவில் திரும்பத் திரும்பச் சுற்றும் கிரிட்டீரியம் மற்றொன்று. கடிகாரத்தை எதிர்த்துத் தனியாக ஓட்டுவது மூன்றாவது. முதல் இரண்டிலும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிச் செல்வார்கள். முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால், பின்னால் வருபவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். அணித் தோழி ஒருத்தி வெல்வதற்காக மற்றவர்கள் முறைவைத்துக் காற்றை வாங்கிக்கொள்வதுதான் இந்த விளையாட்டின் அழகு.

ஏப்ரலில் இளைத்துக் காணப்படும் வீராங்கனைக்குச் சிக்கல் பெரும்பாலும் சனவரியில் தொடங்கியிருக்கும். மேட்டில் ஏறும்போது எடை குறைந்தவருக்கு அனுகூலம் உண்டு என்பது உண்மையே. உடலும் வண்டியுமாக 68 கிலோ இருக்கும் ஒருவர் 2 கிலோ குறைந்தால், 20 நிமிடம் பிடிக்கும் செங்குத்தான ஏற்றத்தில் ஏறத்தாழ அரை நிமிடம் மிச்சமாகலாம், வலிமை குறையாமல் இருந்தால். ஆனால் சமதளத்தில் முதன்மையான எதிரி காற்று. அங்கே எடைக்குப் பெரிய பங்கில்லை. தொழில்முறை சாராதவர்கள் ஓட்டும் வசந்தகாலப் பந்தயங்களில் பல, சமதளத்து நகரச் சுற்றுகள். அப்படியிருந்தும் குளிர்காலம் முழுவதும் சோற்றையும் ரொட்டியையும் குறைத்து, பருவம் தொடங்கும்போது இளைத்து நிற்க வேண்டும் என்னும் எண்ணம் பரவலாக இருக்கிறது. இரண்டு கிலோவுக்காகக் கொடுக்கப்படும் விலை என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மீதம் எவ்வளவு?

இப்போது பல வண்டிகளில் மிதிக்கும் திறனை அளக்கும் கருவி பொருத்தப்படுகிறது. செய்த வேலை கிலோஜூலில் திரையில் தெரியும். நம் தசைகள் எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவே மிதியைச் சென்றடைகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. இதனால், திரையில் காணும் கிலோஜூல் எண்ணே உடல் செலவிட்ட கிலோகலோரி எண்ணுக்கு ஏறக்குறையச் சமமாக அமைந்துவிடுகிறது. கடுமையாக ஓட்டும் பெண்ணுக்கு மணிக்கு 500 முதல் 700 வரை செலவாகும்.

60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் உடலில் கால் பங்கு கொழுப்பு என்றால், கொழுப்பு நீங்கலான எடை 45 கிலோ. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஓட்டுகிறார். 1800 கிலோகலோரி செலவு. அன்று முழுவதும் 2500 கிலோகலோரி உண்கிறார். வீட்டார் பார்வைக்கு அது வயிறு நிறைந்த உணவு. செலவைக் கழித்தால் மிஞ்சுவது 700. இதயத் துடிப்பு, உடல் வெப்பம், இரத்த உற்பத்தி, எலும்புப் புதுப்பிப்பு, சூலகச் செயல்பாடு ஆகிய அனைத்தும் இந்த 700இல் நடைபெற வேண்டும். கொழுப்பு நீங்கலான எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 45 கிலோகலோரி அளவில் மீதமிருந்தால் நலம் என்றும், 30க்குக் கீழே தொடர்ந்து சென்றால் கேடு என்றும் விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இவருக்குக் கிடைத்தது கிலோ ஒன்றுக்கு 16கூட இல்லை. அன்று அவர் 3800 அளவில் உண்டிருக்க வேண்டும். (30 என்பது கோடு கிழித்தாற்போன்ற எல்லையன்று, ஆளுக்கு ஆள் மாறுபடும்.)

ஒரு நாள் இப்படி நேர்ந்தால் மறுநாள் சரியாகிவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் உடல் சிக்கனத்தைக் கைக்கொள்கிறது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி, சூலகத்தைத் தூண்டும் சமிக்ஞைகளைக் குறைக்கிறது. கருத்தரித்து ஓர் உயிரைச் சுமக்கும் அளவுக்கு வீட்டில் தானியம் இல்லை என்று அது முடிவெடுப்பதாகக் கொள்ளலாம். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நலமான இளம்பெண்களிடம் மீதத்தை 30க்குக் கீழே குறைத்தபோது ஐந்தே நாள்களில் இந்தச் சமிக்ஞைகள் மாறத் தொடங்கின. மாதவிடாய் நிற்பது பிற்பாடு வெளியே தெரியும் அடையாளம். உள்ளே மாற்றம் அதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. இக்குறைபாட்டைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் தனிப் பெயரிட்டு வகைப்படுத்தியது. ஆண்களுக்கும் இது வரும் என்றும், எலும்போடு இதயம், செரிமானம், நோய் எதிர்ப்பு, மனநிலை ஆகியவற்றையும் பாதிக்கும் என்றும் அப்போது அறிவித்தது.

எலும்பில் நிகழ்வது

சூலகம் ஓய்ந்தால் ஈஸ்ட்ரோஜன் குறையும். எலும்பு நாள்தோறும் சிறிது கரைந்து சிறிது புதிதாக உருவாகும் உயிருள்ள திசு. கரைதலைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்தால் இருபது வயதுப் பெண்ணின் எலும்பு, மாதவிடாய் முற்றும் வயதுப் பெண்ணின் எலும்பைப் போலவே இழப்பைச் சந்திக்கிறது. எலும்பைச் சேமிக்க வேண்டிய வயதில் செலவு செய்வதால், பின்னாளில் முதலே குறைந்துவிடும்.

மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கு இதில் இன்னொரு குறையும் உண்டு. ஓடும்போதும் குதிக்கும்போதும் தரை எதிர்த்துத் தாக்குவதால் எலும்பு உறுதிபெறுகிறது. இருக்கையில் அமர்ந்து மிதிப்பவருக்கு அந்தத் தாக்கம் கிடைப்பதில்லை. இதயமும் நுரையீரலும் வியக்கத்தக்க நிலையில் இருக்கும் சாலை வீரர்களுக்கும் கீழ்முதுகெலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எனவே வாரத்தில் இரண்டு முறையேனும் எடை தூக்கும் பயிற்சியும் சிறிது குதித்தலும் தேவை. மிதிவண்டி நல்ல உடற்பயிற்சி என்பதால் எலும்புக்கும் அதுவே போதும் என்று எண்ண வேண்டாம். எங்கள் வாசகர்களில் காலைதோறும் மிதிவண்டி ஓட்டும் நடுவயதினருக்கும் இது பொருந்தும்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டாலும், பதினைந்து வயதாகியும் பூப்படையாவிட்டாலும் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். எடை சரியாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள்; உடல் சிக்கனத்துக்குப் பழகிவிட்டால் எடை குறையாமலேயே இக்கேடு நேரும். அடிக்கடி சளி, எப்போதும் குளிர்வதுபோன்ற உணர்வு, காரணமற்ற எரிச்சல், பயிற்சி கூடியும் வேகம் கூடாமை, உணவு வேளையில் ஏதோ ஒரு காரணம் சொல்லி எழுந்துவிடுதல் ஆகியவையும் குறிகளே. கருவுற்றிருத்தல், தைராய்டுக் கோளாறு, சூலக நீர்க்கட்டிகள் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்வோம். தேவைப்பட்டால் டெக்ஸா என்னும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்வோம், அது வலியற்றது.

கருத்தடை மாத்திரை உட்கொண்டால் மாதந்தோறும் இரத்தப்போக்கு வருமே, அதைக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அந்த இரத்தப்போக்கு மாத்திரையை நிறுத்தும் நாள்களில் வருவது. சூலகம் விழித்துக்கொண்டதால் வருவதன்று. எலும்பையும் அது காப்பதில்லை. எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு வண்டியை ஓட்டுவது போலாகும். முதல் மருந்து உணவுதான், அதனுடன் பயிற்சியைக் குறைத்தல். மாதவிடாய் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். இழந்த எலும்பு முழுவதும் திரும்பிவிடும் என்று உறுதி கூற இயலாது. ஆகவேதான் விரைந்து வரச் சொல்கிறோம்.

பந்தய நாளில் உண்பதும் கற்க வேண்டிய ஒன்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே செல்ல வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. ஆகவே மணிக்கு ஒரு பழமும், சர்க்கரையும் சிறிது உப்பும் கலந்த நீரும் கணக்குக்கு நெருங்கி வரும். முடிந்த அரைமணிக்குள் நல்ல உணவு. இரும்புச் சத்தையும் மறக்கலாகாது: அமெரிக்கப் பரிந்துரையின்படி மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம், ஆணுக்கு 8. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். எலுமிச்சை பிழிந்துகொண்டால் கூடும்.

விழுந்தால்

கூட்டமாக ஓட்டும் விளையாட்டில் வீழ்ச்சி தவிர்க்க இயலாதது. தோளில் விழும்போது கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள காறை எலும்பு முறிவதே மிதிவண்டி வீரர்களுக்கு அதிகம் நேரும் முறிவு. பெரும்பாலும் எலும்பின் நடுப்பகுதியில் முறியும். துண்டுகள் அதிகம் விலகாவிட்டால் கையைத் தொட்டில்கட்டில் தாங்கவைத்தாலே கூடிவிடும். விலகினாலோ தோலைக் குத்திக்கொண்டு நின்றாலோ தகடு வைத்து அறுவைச் சிகிச்சை செய்கிறோம். பெரியவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும்.

கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்க வீராங்கனையின் கதையை நோயாளிகளே எங்களிடம் சொல்வதுண்டு. இடுப்பு மூட்டுத் தேய்மானத்தால் ஓட்டத்தைக் கைவிட்டு மிதிவண்டிக்கு வந்தவர் அவர். 2012 மே மாதம் ஐடஹோ மாநிலத்தில் நடந்த பந்தயத்தில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. ஆகஸ்டு முதல் நாள் லண்டன் ஒலிம்பிக்கில் தனிநேரப் பந்தயத்தில் தங்கம் வென்றார். போற்றத்தக்க செய்தி. ஆயினும் அவரைச் சுற்றி மருத்துவரும் இயன்முறையாளரும் பயிற்றுநரும் இருந்தார்கள். பயிற்சியே அவருக்கு முழுநேரப் பணி. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டிய செவிலியர் அந்த நாள்காட்டியைத் தமக்கு அளவுகோலாகக் கொள்ளத் தேவையில்லை. மேலும், சிறு வீழ்ச்சியிலேயே எலும்பு முறிந்தாலோ, விழாமலேயே காலிலோ இடுப்பிலோ மயிரிழை முறிவு கண்டாலோ, அந்தப் பெண்ணிடம் மாதவிடாயைப் பற்றி நாங்கள் கேட்போம். அதைக் கேட்கும்போது உடன் வந்தவர்கள் கூச்சப்பட வேண்டாம். சிகிச்சை முழுவதும் அந்த விடையால் மாறக்கூடும்.

தலையில் அடிபட்டால் நிலைமை வேறு. தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். மூளை உள்ளே குலுங்குவதை முற்றிலும் தடுக்காது. நினைவு தப்பாவிட்டாலும் மூளை அதிர்ச்சி இருக்கலாம். விழுந்தவர் எழுந்து, முன்னால் சென்ற கூட்டத்தைப் பிடிக்கத் துடிப்பார், ஏனெனில் பந்தயம் அவருக்காக நிற்காது. அணித் தோழிகளும் குடும்பத்தாரும் அந்த நேரத்தில் அவர் சொல்லைக் கேட்கலாகாது. ஐயம் இருந்தால் அன்று வண்டியில் ஏற்ற வேண்டாம். வாந்தி, கூடிவரும் தலைவலி, குழப்பம், அளவுமீறிய உறக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வரவும். அன்றிரவு அவரைத் தனியே விட வேண்டாம். கவசத்தையும் உடன் கொண்டுவாருங்கள்: எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பது எங்களுக்கு உதவும். பின்னர் அதை மீண்டும் அணியாமல் புதிது வாங்கிவிடுங்கள்.